தருக்க ஆய்வில் இறங்குபவருக்கு: நோட்டு, மணிமேகலை, சாட்பாட்

ஒரு தாளில் இந்த இரண்டு வாக்கியங்களையும் எழுதிக்கொள்ளுங்கள்.

படித்தால் தேறுவாய்.
படித்தால்தான் தேறுவாய்.

முதலாவதில் படிப்பு போதும். இரண்டாவதில் படிப்பு கட்டாயம். ஆனால் அது மட்டும் போதும் என்று யாரும் வாக்குக் கொடுக்கவில்லை. ‘ப’ என்றால் படிப்பு, ‘தே’ என்றால் தேறுவது, → என்ற அம்புக்குறி ‘என்றால்’ என்று வைத்துக்கொண்டால், குறியீட்டில் முதலாவது ப → தே, இரண்டாவது தே → ப. ‘தான்’ என்ற ஒரு சொல் அம்புக்குறியையே திருப்பிப் போட்டுவிட்டது. இதே இரண்டு வாக்கியங்களைச் சாட்பாட்டிடம் கொடுத்துக் குறியீட்டில் எழுதச் சொல்லுங்கள். சில தடவை சரியாக வரும், சில தடவை ‘தான்’ காணாமல் போயிருக்கும். அது காணாமல் போனதைக் கண்டுபிடிக்கத் தெரிந்தவருக்குத்தான் இந்தக் காலத்தில் தருக்க ஆய்வில் வேலை இருக்கிறது.

மதுரைப் பக்கம் தத்துவமோ தமிழோ கணினி அறிவியலோ படித்துவிட்டு இந்தத் துறைக்குள் வர நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறோம். மூன்று துறைக்காரர்களுக்கும் மூன்று விதமான ஓட்டை இருக்கும். தத்துவம் படித்தவர் குறியீட்டைக் கண்டு ஒதுங்குவார். கணினி படித்தவர் குறியீட்டுக்குள் நுழையும் முன்பே வாக்கியத்தைத் தப்பாகப் படித்திருப்பார். தமிழ் படித்தவருக்கு வாக்கியம் கைவசம் இருக்கும், அதை ஏன் அம்புக்குறியாக்க வேண்டும் என்று எரிச்சல் வரும்.

முதல் பன்னிரண்டு வாரம்: கையால்

இந்தக் காலத்துக்குள் சாட்பாட்டைத் திறக்காதீர்கள். நீச்சல் தெரியாதவன் கிணற்றுக்குள் இறங்கி ஆழம் பார்க்க முடியாது, அவ்வளவுதான் காரணம்.

கோடு போடாத நோட்டு ஒன்று, பென்சில், இலவசமாகக் கிடைக்கும் ஒரு தருக்கப் பாடநூல். ஆங்கிலம் வாசிக்க வருமானால் ‘ஃபார் ஆல் எக்ஸ்’ என்ற நூல் இணையத்தில் காசில்லாமல் கிடைக்கிறது, பயிற்சிக் கணக்குகளும் உண்டு. முதல் ஆறு வாரம் வாக்கியத் தருக்கம், அடுத்த ஆறு வாரம் ‘எல்லா’, ‘சில’ என்று அளவு சொல்லும் பயனிலைத் தருக்கம். வாரத்துக்கு 20 கணக்கு போட்டால் போதும், ஆனால் விடாமல் போட வேண்டும். மெய், பொய் சேர்க்கைகளை எல்லாம் வரிவரியாக எழுதும் மெய்யட்டவணையில் வாக்கியத்தைக் குறிக்கும் எழுத்து இரண்டு என்றால் 4 வரி, மூன்று என்றால் 8, ஐந்து என்றால் 32. ஐந்து வரை கையால் எழுதுங்கள். அதற்கு மேல் கையால் எழுதிக் கற்றுக்கொள்ள ஒன்றும் இல்லை, முதுகுவலிதான் மிச்சம்.

இந்தக் கட்டத்தில் எல்லாரும் தடுக்கி விழும் இடம் ஒன்று: உண்மை வேறு, செல்லுபடி வேறு. ‘மீன்கள் எல்லாம் பறக்கும். அயிரை ஒரு மீன். ஆகவே அயிரை பறக்கும்.’ இது செல்லுபடியான வாதம். முதல் எடுகோள் (வாதம் தொடங்கும் கூற்று) பொய், முடிவும் பொய், ஆனாலும் எடுகோள்களை ஒத்துக்கொண்டால் முடிவிலிருந்து தப்ப முடியாது. குழம்பில் கிடக்கும் அயிரை கண்முன் வந்து நிற்பதால் மனம் ‘தப்பு’ என்கிறது. முடிவு நம்பத்தக்கதாக இருந்தால் வாதமும் சரி என்று நினைக்கும் இந்தக் கோளாறு மனிதருக்கு உண்டு. மனிதர் எழுதியதைத் தின்று வளர்ந்த, சாட்பாட்டுக்குள் இருந்து இயங்கும் மொழி மாதிரிகளுக்கும் உண்டு. பின்னால் அவற்றைச் சோதிக்கும்போது இது உதவும்.

தமிழைக் குறியீட்டுக்கு மாற்றும்போது

ஆங்கிலப் பாடநூல் சொல்லித்தராத பகுதி இதுதான். நோட்டில் தனியாக நாலு பக்கம் ஒதுக்குங்கள்.

‘எல்லாரும் வரவில்லை.’ யாருமே வரவில்லையா, வந்தவர்கள் போக மீதிப்பேர் வரவில்லையா? ¬ (இல்லை) குறி ∀ (எல்லா) குறிக்கு முன்னால் நிற்கிறதா பின்னால் நிற்கிறதா என்பதைத் தமிழ் வாக்கியம் சொல்லாது, குரலின் அழுத்தம்தான் சொல்லும். எழுத்தில் அழுத்தம் கிடையாது. ஆகவே இரண்டு வாசிப்பையும் எழுதி, எதை எடுக்கிறீர்கள், ஏன் என்று ஒரு வரி சேருங்கள். ‘யாரும் வரவில்லை’ என்பதில் இந்தச் சிக்கல் இல்லை.

‘மழை பெய்தாலும் ஆட்டம் நடக்கும்.’ புதிதாக வருபவர் இதை ம → ஆ என்று எழுதிவிட்டுப் போய்விடுவார். ஆனால் ‘-ஆலும்’ சொல்வது பெய்தாலும் சரி, பெய்யாவிட்டாலும் சரி என்பது. (ம → ஆ) ∧ (¬ம → ஆ), இதில் ∧ என்பது ‘இதுவும் அதுவும்’. சுருக்கினால் வெறும் ஆ. நிபந்தனையே இல்லை!

‘ஆதார் அட்டை அல்லது வாக்காளர் அட்டை கொண்டு வரவும்’ என்றால் இரண்டையும் கொண்டு போகிறவரை யாரும் திருப்பி அனுப்பமாட்டார்கள். ‘டீயோ காபியோ கொடுங்கள்’ என்றால் இரண்டும் வந்தால் முழிப்போம். ஒரே ∨ (அல்லது) குறியை இரண்டுக்கும் போடக்கூடாது. ‘சிலர் தேறினார்கள்’ என்பது எல்லாரும் தேறிய நாளிலும் பொய்யாகாது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். பேச்சு வழக்கில் அப்படித் தோன்றாது, தருக்கத்தில் அப்படித்தான்.

இப்படி 50 வாக்கியம் சேர்த்த பிறகு உங்கள் கையில் இருப்பது வெறும் பயிற்சி நோட்டு இல்லை. ஓர் ஆய்வின் தரவு அங்கேயே தொடங்கிவிட்டது.

கூலவாணிகனின் பட்டியல்

மணிமேகலை பாடிய சாத்தனாரை மதுரைக் கூலவாணிகன் (தானிய வியாபாரி) என்றே மரபு சொல்கிறது. உ.வே.சா. 1898இல் பதிப்பித்த அந்த நூலின் 29ஆம் காதை பெரும்பாலும் தருக்கப் பாடம். காப்பியத்துக்குள் இது எதற்கு என்று பலர் புரட்டிவிட்டுப் போகும் பகுதி. உங்களுக்கு அதுதான் வேண்டும்.

வாதத்துக்கு ஐந்து உறுப்பு என்கிறது: பக்கம், ஏது, திட்டாந்தம், உபநயம், நிகமனம். இந்த மலை நெருப்புடையது என்பது பக்கம். புகை இருப்பதால் என்பது ஏது. அடுக்களை போல என்பது திட்டாந்தம். கடைசி இரண்டும் திட்டாந்தத்துக்குள் அடங்கிவிடும் என்று அதுவே சொல்லிவிடுவதால் மூன்றை மனதில் வைத்தால் போதும். பிறகு போலிகள், அதாவது வாதத்தில் வரும் பிழைகள்: பக்கப் போலி 9, ஏதுப் போலி 14, திட்டாந்தப் போலி 10. ஆக 33.

33ஐயும் மனப்பாடம் செய்ய வேண்டாம். சாட்பாட் கொடுக்கும் பதிலைச் சோதிக்க ஐந்து போதும், அவற்றை இப்படிப் பயன்படுத்துங்கள்.

சுவவசன விருத்தம். காதையின் உதாரணம் ‘என் தாய் மலடி’. சொன்ன வாயே சொன்னதை மறுக்கிறது. நீளமான பதிலின் முதல் பத்தியையும் கடைசிப் பத்தியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். ஒவ்வொரு பத்தியும் தனியாக அழகாக இருக்கும், சேர்த்துப் பார்த்தால் தாய் மலடியாகியிருப்பாள்.

ஆசிரயாசித்தம். ஏதுவைத் தாங்கி நிற்க வேண்டிய பொருளே இல்லாமலிருப்பது. இல்லாத கட்டுரைக்கு ஆசிரியர் பெயர், ஆண்டு, பக்க எண் எல்லாம் கொடுத்து மேற்கோள் காட்டுவது இந்த வகை.

சந்தேகத்தால் வரும் அசித்தம். ஆவியா பனியா என்ற ஐயம் தீராதபோதே புகை என்று எடுத்துக்கொண்டு நெருப்பு உண்டு எனத் துணிவது என்று காதை விளக்குகிறது. நீங்கள் மூலத்தைத் திறந்து பார்க்காத ஒவ்வொரு மேற்கோளும் ஆவியோ பனியோதான். அது சரியாகவே இருந்தாலும் உங்கள் வாதத்தில் அது போலி, ஏனென்றால் நீங்கள் பார்க்கவில்லை.

அன்னியதராசித்தம். ஏதுவை ஒரு தரப்பு ஏற்கும், எதிர்த்தரப்பு ஏற்காது. பௌத்தருக்குக் காண்டல், கருதல் என அளவை (அறிவு பெறும் வழி) இரண்டு, சைவ சித்தாந்தி உரையையும் சேர்த்து மூன்று என்பார், நியாய மரபைச் சேர்ந்த நையாயிகருக்கு நான்கு. மணிமேகலையின் 27ஆம் காதை வியாதருக்குப் பத்து, கிருதகோடிக்கு எட்டு, சைமினிக்கு ஆறு என்று கணக்குச் சொல்கிறது. சாட்பாட் இவற்றை ஒரே பாத்திரத்தில் ஊற்றி ‘இந்தியத் தருக்கம் என்ன சொல்கிறது என்றால்’ என்று தொடங்கும். எந்தத் தரப்பு என்று கேளுங்கள்.

சாதாரண அநைகாந்திகம். ஏது நாம் சொல்லும் இடத்திலும் இருக்கும், எதிரான இடத்திலும் இருக்கும். ‘வைகையில் தண்ணீர் வந்தால் தெப்பக்குளம் நிறையும், தெப்பக்குளம் நிறைந்திருக்கிறது, ஆகவே வைகையில் தண்ணீர் வந்திருக்கிறது.’ மோட்டார் வைத்து நிரப்பினாலும் குளம் நிறையும், அடைமழை பெய்தாலும் நிறையும். வ → நி, நி என்ற இரண்டிலிருந்து வ வராது. பாடநூல் இதைப் பின்கூற்றை ஏற்கும் போலி என்று ஒரு வரியில் முடித்துவிடும். சாத்தனாரின் வகைப்பாடு அந்த ஏது வேறு எங்கெல்லாம் இருக்கிறது என்று தேடச் சொல்கிறது. அந்தத் தேடல்தான் ஆய்வு.

இதை வைத்து இன்றைய பெரிய சண்டையைப் பாருங்கள். பக்கம்: இந்த இயந்திரம் சிந்திக்கிறது. ஏது: கேட்டதற்குப் பொருத்தமாகப் பதில் சொல்வதால். திட்டாந்தம்: மனிதரைப் போல. பதிலை மட்டும் வைத்து இயந்திரமா மனிதரா என்று கண்டுபிடிக்கச் சொல்லி, 1950இல் கணினி அறிஞர் டூரிங் தன் கட்டுரையில் முன்வைத்த சோதனையை ஏறக்குறைய இப்படி எழுதலாம். ‘சிந்திக்குமா’ என்ற கேள்வியையே அவர் தள்ளிவைத்தார் என்பதால் ‘ஏறக்குறைய’. 1980இல் தத்துவ அறிஞர் ஜான் சேர்ல் சொன்ன சீன அறை (சீனம் தெரியாத ஒருவர் விதிநூலைப் பார்த்தே சீனத்தில் சரியான பதில் எழுதித் தரும் கற்பனை அறை) என்ன செய்கிறது? ஏது இருந்தும் சிந்தனை இல்லாத ஓர் இடத்தைக் கட்டிக் காட்டுகிறது, அதாவது ஏதுவை அநைகாந்திகம் என்கிறது. சேர்லுக்கு மறுப்புச் சொன்னவர்கள் அந்த அறை உண்மையிலேயே எதிர்ப்பக்கம்தானா, அங்கே சிந்தனை இல்லையா என்று கேட்கிறார்கள். நாற்பது ஆண்டுக்கும் மேலான விவாதம் ஒரு தாளுக்குள் வந்துவிடுகிறது. முழுமையாக அடங்குகிறதா, எங்கே பிதுங்குகிறது என்பதை எழுதினால் அது ஒரு கட்டுரை.

சாட்பாட்டை எப்படி வேலை வாங்குவது

பதிமூன்றாம் வாரம் திறக்கலாம். எழுத்தாளனாக வைத்துக்கொள்ளாதீர்கள், எதிர்வாதியாக வையுங்கள். சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியார், தன் கொள்கையைச் சொல்லும் சுபக்கத்துக்கு முன்னால் பிறர் கொள்கையை எடுத்து மறுக்கும் பரபக்கத்தை வைத்த வரிசைதான். உங்கள் வாதத்தைக் கொடுத்து, இதை உடைக்கும் எதிர்க்காட்டு (எடுகோள்கள் மெய்யாகவும் முடிவு பொய்யாகவும் இருக்கும் நிலை) மூன்று கொடு என்று கேளுங்கள். மூன்றில் ஒன்று உருப்படியாக இருந்தாலே லாபம்.

பதிவேடு முக்கியம். ஐந்து நெடுவரிசை போட்ட ஒரு விரிதாள்: தேதி, மாதிரியின் பெயரும் பதிப்பும், நீங்கள் கேட்டது சொல்லுக்குச் சொல், வந்த பதில் முழுவதும், உங்கள் தீர்ப்பு. ‘சாட்பாட்டிடம் கேட்டேன்’ என்று மட்டும் எழுதினால் எந்த மதிப்பீட்டாளரும் ஏற்கமாட்டார். மாதிரிகள் சத்தமில்லாமல் மாற்றப்படுகின்றன, ஆறு மாதம் கழித்து அதே பதிலை வரவழைக்க முடியாது.

ஒரே கேள்வியை ஐந்து தடவை, ஒவ்வொரு தடவையும் புது உரையாடலில் கேளுங்கள். பழைய உரையாடலிலேயே கேட்டால் முன்சொன்ன பதிலைப் பிடித்துக்கொண்டு தொங்கும். பிறகு எடுகோள்களின் வரிசையை மாற்றிக் கேளுங்கள். பிறகு அர்த்தமுள்ள சொல்லை எடுத்துவிட்டுப் பொய்ச்சொல் போடுங்கள்: ‘எல்லாக் குட்டாவும் மொட்டா. இது குட்டா.’ அயிரையில் தடுக்கியது குட்டாவில் தடுக்கவில்லை என்றால், அது வாதத்தின் வடிவத்தைப் பார்க்கவில்லை, மீனைத்தான் பார்த்தது. கடைசியாக, சரியான பதில் சொன்ன பிறகு ‘இல்லையே, தப்பாச்சே’ என்று மட்டும் சொல்லுங்கள். காரணம் எதுவும் கேட்காமல் மன்னிப்புக் கேட்டுக் கட்சி மாறினால் அதையும் குறியுங்கள்.

எண்ணில் ஏமாறாதீர்கள். ‘செல்லும், செல்லாது’ என்ற இரண்டில் ஒன்றைச் சொல்லும் 50 கேள்வியில் 30 சரி என்பது பார்க்க நன்றாக இருக்கும். காசைச் சுண்டிப் பதில் சொன்னாலும் 30 அல்லது அதற்கு மேல் ஏறக்குறையப் பத்தில் ஒரு தடவை வந்துவிடும். 50ஐ வைத்துக்கொண்டு முடிவு சொல்லப் போகாதீர்கள்.

செய்யுள் மேற்கோளில் தனி எச்சரிக்கை. ஆசிரியப்பா நடையில், பழைய சொற்களோடு, எந்த நூலிலும் இல்லாத அடிகளை இந்த இயந்திரங்கள் கட்டித் தரும். காதால் கேட்டுப் பிடிக்க முடியாது. 1998 பொங்கலில் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் மின்னூலில் இரண்டு மூன்று சொல்லைப் போட்டுத் தேடுங்கள். கிடைக்கவில்லை என்றால் உடனே ‘இல்லை’ என்று முடிவு கட்டாதீர்கள்: ‘நெருப்புடைத்து’, ‘நெருப்பு உடைத்து’ என்று சந்தி சேர்த்தும் பிரித்தும் தேட வேண்டும், பதிப்புக்குப் பதிப்பு மாறும். கலைச்சொல்லிலும் அப்படியே. தருக்கம், தர்க்கம், ஏரணம், அளவையியல், நியாயம் என்று ஐந்து பெயரில் ஒரே துறை கிடக்கிறது. ஒன்றை மட்டும் தேடினால் பாதி நூல் தப்பிவிடும். ‘பக்கம்’ என்ற சொல்லைச் சாட்பாட் புத்தகப் பக்கமாகப் படிக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

சரிபார்க்கும் மென்பொருள்

சாட்பாட் வேறு, நிறுவல் சரிபார்ப்பான் வேறு. முதலாவது அடுத்து வரக்கூடிய சொல்லைக் கணித்து எழுதுகிறது. இரண்டாவது ஒவ்வொரு படியும் விதிப்படி வருகிறதா என்று மட்டும் பார்க்கிறது, அதற்குச் சொல் அலங்காரம் தெரியாது. தொடங்குபவர் புரூவர்9, மேஸ்4 என்ற இரட்டையரிடம் போகலாம். புரூவர்9 நிறுவலைத் தேடும், மேஸ்4 எதிர்க்காட்டைத் தேடும். எட்டு ஜிபி நினைவகம் உள்ள சாதாரண மடிக்கணினியில் தாராளமாக ஓடும். அதன்பின் லீன் என்ற நிறுவல் சரிபார்ப்பான். அதன் கணித நூலகத்தோடு இறக்கினால் சில ஜிபி இடம் பிடிக்கும், ஆகவே முதலில் பிரவுசரிலேயே ஓடும் வடிவத்தில் பழகுங்கள்.

புரூவர்9 ஓடிக்கொண்டே இருக்கிறது, விடை வரவில்லை என்றால் வாதம் செல்லாது என்று பொருளில்லை. பயனிலைத் தருக்கத்தில் எந்த வாதத்தையும் செல்லும், செல்லாது என்று முடிவாகச் சொல்லிவிடும் பொது வழிமுறை இல்லை என்பதை 1936இல் தருக்க அறிஞர் அலோன்சோ சர்ச்சும் டூரிங்கும் தனித்தனியே நிறுவிவிட்டார்கள். மேஸ்4 ஓர் எதிர்க்காட்டைக் காட்டினால் மட்டுமே ‘செல்லாது’ என்று எழுதலாம். இரண்டும் கைவிரித்தால் ‘தெரியவில்லை’ என்று எழுதுங்கள், அதுவும் ஒரு விடைதான்.

இவற்றால் தத்துவத்துக்கு என்ன பயன் என்று கேட்பவருக்கு ஓர் உதாரணம் போதும். கடவுள் உண்டு என்பதற்குத் தருக்க அறிஞர் கேடல் எழுதி வைத்த நிறுவலை ஆய்வாளர்கள் பென்ஸ்முல்லரும் வோல்ட்சன்லோகல் பாலியோவும் 2013இல் கணினியில் ஏற்றினார்கள். டேனா ஸ்காட் திருத்திய வடிவம் தேறியது. கேடலின் கைப்பிரதியில் இருந்த மூல அடிகோள்களோ (நிறுவாமல் ஏற்றுக்கொள்ளும் தொடக்கக் கூற்றுகளோ) தமக்குள்ளேயே முரண்படுகின்றன என்று நிறுவல் தேடும் மென்பொருள் கண்டுபிடித்தது.

ஆனால் எந்தச் சரிபார்ப்பானாலும் செய்ய முடியாத வேலை ஒன்று உண்டு. நீங்கள் ‘படித்தால்தான்’ என்பதை ப → தே என்று தப்பாக ஏற்றினால், லீன் அந்தத் தப்பான வாக்கியத்தைக் குற்றமில்லாமல் நிறுவித் தரும். பச்சை விளக்கும் எரியும். தமிழுக்கும் குறியீட்டுக்கும் நடுவிலுள்ள அந்த ஒரு படியை நீங்கள்தான் காவல் காக்க வேண்டும். ஆய்வேட்டில் இந்தப் படிக்குத் தனி அத்தியாயம் ஒதுக்கச் சொல்வோம்.

எந்தக் கேள்வியை எடுப்பது

‘செயற்கை நுண்ணறிவுக்கு உணர்வு உண்டா?’ என்ற தலைப்போடு போகாதீர்கள். மூன்று ஆண்டில் முடியாது, முப்பதிலும் முடியாது. கைக்கு அடங்குவதாக எடுங்கள். 29ஆம் காதையின் 14 ஏதுப் போலிகளில் எவை இன்றைய குறியீட்டுத் தருக்கத்தில் அடங்குகின்றன, எவை அடங்காமல் வாதிப்பவரைச் சார்ந்து நிற்கின்றன? அன்னியதராசித்தம் கட்டாயம் முரண்டு பிடிக்கும். அல்லது ‘தான்’, ‘-உம்’, ‘-ஆலும்’, ‘அல்லது’ நான்கிலும் தலா 40 வாக்கிய இணை, ஆக 160, தயாரித்து மொழி மாதிரிகளைச் சோதியுங்கள். சரியான விடை எது என்று நீங்களே முடிவு செய்யாமல் தமிழ் பேசும் மூன்று பேரிடம் தனித்தனியே கேளுங்கள், மாதிரியின் பதிலை அவர்களுக்குக் காட்டாதீர்கள். இருவர் என்றால் கோஹன் காப்பா, மூவர் என்றால் ஃபிளைஸ் காப்பா என்ற அளவீட்டைக் கொண்டு எவ்வளவு ஒத்துப்போகிறார்கள் என்று கணக்கிடுங்கள். மூன்று பேரே ஒத்துப்போகாத வாக்கியத்தில் இயந்திரத்தைக் குறை சொல்வதில் நியாயமில்லை. பட்டிமன்றப் பேச்சுகளும் நல்ல சுரங்கம்; எழுத்தில் இறக்கி ஏதுவைப் பிரித்தெடுப்பதற்குள் பொறுமை போய்விடும் என்பதுதான் குறை.

மற்ற ஏற்பாடுகள்

புத்தகத்துக்குப் புதுநத்தம் சாலைக் கலைஞர் நூற்றாண்டு நூலகம், பழைய தமிழ்ப் பதிப்புகளுக்கு 1901இல் தொடங்கிய மதுரைத் தமிழ்ச் சங்கம். கருமாத்தூர் அருள் ஆனந்தர் கல்லூரியில் தத்துவத் துறை இருக்கிறது. ஸ்டான்ஃபோர்ட் தத்துவக் கலைக்களஞ்சியம் இணையத்தில் இலவசம். ஏற்கெனவே யார் என்ன செய்திருக்கிறார் என்று பார்க்கச் சோத்கங்கா களஞ்சியத்தில் ஆய்வேடுகளைத் தேடுங்கள்.

யுஜிசியின் 2022 விதிப்படி முனைவர் பட்டத்துக்குக் குறைந்தது 3 ஆண்டு, வழக்கமான உச்சம் 6 ஆண்டு. பாடநெறி குறைந்தது 12 கிரெடிட். 2018 விதிப்படி பிறர் எழுத்தோடு ஒப்புமை 10 சதவீதத்துக்குள் இருந்தால் தண்டனை இல்லை. ஆனால் சாட்பாட் எழுதியது ஒப்புமைச் சோதனையில் தப்பிவிடும் என்பதால் அது உங்கள் எழுத்தாகிவிடாது. ஆய்விதழ்களின் நெறிமுறைக் குழுவான கோப், செயற்கை நுண்ணறிவுக் கருவியை ஆசிரியராகச் சேர்க்கக் கூடாது, பயன்படுத்தியிருந்தால் எங்கே எப்படி என்று சொல்ல வேண்டும் என்று 2023இல் நிலைப்பாடு எடுத்தது. மொழிபெயர்க்கவோ திருத்தவோ பயன்படுத்தினாலும் பதிவேட்டிலிருந்து ஒரு பத்தி எழுதிச் சேர்த்துவிடுங்கள். வரைவுகளைத் தேதி போட்டு வையுங்கள். நீங்களே எழுதியதை இயந்திரம் எழுதியது என்று ஒரு மென்பொருள் சொல்லிவிட்டால் அந்த வரைவுகள்தான் சாட்சி. மதிப்பீட்டுக்கு வந்த பிறருடைய கட்டுரையைச் சாட்பாட்டில் ஏற்றாதீர்கள்.

நெறியாளரை முதல் தடவை பார்க்கப் போகும்போது பத்துப் பக்க முன்மொழிவு வேண்டாம். பக்கம், ஏது, திட்டாந்தம் என்று மூன்று வரியில் உங்கள் வாதம், கீழே அதன் குறியீடு, அதற்கும் கீழே நீங்களே கண்டுபிடித்த எதிர்க்காட்டு ஒன்று. ஒரே தாள். கூடவே அந்த ஐம்பது வாக்கிய நோட்டையும் கொண்டு போங்கள்.